ஒரு கேபிளுக்குப் பதினான்கு லேபிள்

முன்பக்கம் குளிர்காலம், பின்பக்கம் கோடைகாலம். அந்த ஹாலுக்குள் வேறு பருவம் கிடையாது. வெளியே மழை கொட்டினாலும் வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. இரும்பு அலமாரிகளுக்கு முன்னால் நின்றால் ஏசிக் காற்றில் பல் கிட்டிக்கொள்ளும். சுற்றிக்கொண்டு பின்னால் வந்தால் ஐந்தே நிமிடத்தில் முதுகு நனைந்துவிடும். அந்த அலமாரிகளுக்குத்தான் ரேக் என்று பெயர். மொத்தம் பன்னிரண்டு ரேக், ஒவ்வொன்றிலும் நாற்பது தட்டு, தட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர். அத்தனையும் ராப்பகலாக இரைந்துகொண்டு பின்பக்கமாகச் சூட்டைக் கக்கும். ஒன்றையொன்று இணைக்கிற கேபிள்கள் ஆயிரத்துச் சொச்சம். எங்கோ யாரோ ரயில் டிக்கெட் எடுப்பதும், யாரோ பரீட்சை முடிவு பார்த்து அழுவதும் இந்தக் கேபிள்கள் வழியாகத்தான் நடக்கிறது என்று மேனேஜர் பெருமையாகச் சொல்லுவார்.

சீப்புக்காரிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. எவனோ டிக்கெட் எடுக்கட்டும், எடுக்காமல் போகட்டும். கேபிள் ஒழுங்காக இருக்கிறதா என்பதுதான் அவளுடைய கேள்வி. கேபிள்களைச் சீவி வரிசைப்படுத்துவதற்கென்றே பெரிய பல் வைத்த ஒரு பிளாஸ்டிக் சீப்பு உண்டு. அது எப்போதும் அவள் சட்டைப் பையில் இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். தன் தலையைச் சீவ அவளுக்கு நேரம் இருந்ததில்லை, கேபிளைச் சீவாத நாளில்லை. ஒரு நாள் உட்கார்ந்து அழகாகக் கட்டிவிட யாராலும் முடியும். கட்டினதை ஒன்பது வருஷம் கட்டினபடியே வைத்திருப்பதுதான் வேலை. எவனாவது ஒருத்தன் அவசரத்தில் ஒரு கேபிளை இழுத்துச் சொருகிவிட்டு "நாளைக்குச் சரி பண்ணிக்கலாம்" என்று போவான். அந்த நாளை வரவே வராது. அதன் மேல் இன்னொருத்தன் இன்னொன்றைச் சொருகுவான். ஆறு மாதத்தில் ரேக்கின் முதுகு காக்கா கூடு மாதிரி ஆகிவிடும். அப்படி ஆகவிடாமல் ஒன்பது வருஷம் அவள் காத்து வந்த ஹால் அது. ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் லேபிள் ஒட்டியிருக்கும். மறுமுனை எந்த ரேக்கில், எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்று அது சொல்லும். ஏழு–பதினெட்டு என்றால் ஏழாவது ரேக், பதினெட்டாவது தட்டு. தட்டில் நம்பர் எதுவும் கிடையாது, எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற ஏற்பாடு.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவளுடைய நாத்தனார் அங்கே வேலைக்கு வந்தாள். கணவனின் அக்கா. ஒரு பெரிய அலுவலகத்தில் இருபது வருஷம் ஃபைல் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவள். அந்த அலுவலகமே ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட, தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தனி ஆள். ஒழுங்கு என்றால் அப்படி ஓர் ஒழுங்கு. மடித்த போர்வையின் நான்கு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராவிட்டால் பிரித்து மறுபடி மடிப்பாள். இவளை விட்டால் ஆளேது என்று மேனேஜரிடம் பேசி மத்தியான ஷிஃப்டில் சேர்த்துவிட்டதே சீப்புக்காரிதான். காலை ஆறிலிருந்து இரண்டு வரை இவள், இரண்டிலிருந்து பத்து வரை அவள்.

முதல் மாதம் பக்கத்திலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். கேபிளை எவ்வளவு வளைக்கலாம், எத்தனை விரற்கடைக்கு ஒரு ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ பட்டை கட்டலாம், கம்ப்யூட்டர் பதிவேட்டில் எப்படி எழுதுவது, மறுமுனை தெரியாவிட்டால் கீச்சுப் பெட்டியை எப்படிப் பிடிப்பது. கீச்சுப் பெட்டி என்பது இரண்டு துண்டுக் கருவி. ஒன்றைக் கேபிளின் ஒரு முனையில் மாட்டிவிட்டு மற்றதைத் தட்டுத் தட்டாகக் கொண்டுபோனால், சரியான முனை வந்ததும் கீச்சென்று கத்தும். இவ்வளவையும் சொன்னவள் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சொல்லவே தேவையில்லை என்று அவள் நினைத்த விஷயம் அது.

அப்புறம் உப்பு வந்தது.

நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையையும் ஒழுங்குபடுத்தினாள். ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருபது டப்பா வாங்கிவந்து ஐந்து தட்டிலும் அடுக்கினாள். டப்பாமேல் எதுவும் ஒட்டவில்லை, அழகு கெட்டுவிடுமாம். அதற்குப் பதிலாக அலமாரிக் கதவில் ஒரு பட்டியல் ஒட்டினாள். சர்க்கரை, தட்டு இரண்டு, முதல் டப்பா. உப்பு, தட்டு நான்கு, முதல் டப்பா. இப்படியே இருபது வரி.

அன்று சாயங்காலம் பார்த்து மேனேஜர் வீட்டுக்கு வந்தார். சீப்புக்காரியின் கணவன் அதே கட்டடத்தில் ஏசி மெக்கானிக். ஏணியிலிருந்து விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டு படுத்திருந்தான், அவனைப் பார்க்க வந்தார். சீப்புக்காரி பட்டியலைப் பார்த்து, இரண்டாவது தட்டின் முதல் டப்பாவைத் திறந்து, மூன்று கரண்டி போட்டுக் கலக்கி டீ கொடுத்தாள். மேனேஜர் ஒரு வாய் குடித்தார். கண்ணை ஒரு முறை மூடித் திறந்தார். அப்புறம் மரியாதைக்காக முழு டம்ளரையும் குடித்துவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிக் கிளம்பினார். அதற்கப்புறம் அவர் யார் வீட்டுக்கும் போவதில்லை.

"அண்ணி, ஒரு லிஸ்டை ஒழுங்கா எழுதத் தெரியாதா?"

"ஏம்மா, எழுதின லிஸ்டை ஒழுங்காப் படிக்கத் தெரியாதா?"

அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது அதுதான். அதற்கப்புறம் ஏழு மாதம் பேச்சே இல்லை. ஷிஃப்ட் வேறு வேறு என்பதால் வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருவரும் வீட்டில் ஒன்றாக இருப்பார்கள். அந்த ஒரு நாளையும் பேசாமலே வீணாக்கினார்கள். ஹாலில் இரண்டு மணிக்குச் சாவி கைமாற வேண்டும். அதற்கு மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வந்து வாசலில் நிற்பான். மனைவி அவன் கையில் சாவியைக் கொடுப்பாள், அக்கா அவன் கையிலிருந்து எடுத்துக்கொள்வாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழ தூரம்கூட இருக்காது.

சண்டை அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. காலையில் வருகிற சீப்புக்காரி, நாத்தனார் முந்தின நாள் போட்ட கேபிள்களைச் சரிபார்ப்பாள். லேபிளில் ஏழு–இருபத்துமூன்று என்று இருக்கும். போய்ப் பார்த்தால் அங்கே இருக்காது. கீச்சுப் பெட்டியைப் பிடித்துத் தேடினால் பதினெட்டில் கத்தும். தலையில் அடித்துக்கொண்டு பழைய லேபிள்மேலேயே ஏழு–பதினெட்டு என்று புதுசை ஒட்டுவாள். பதிவேட்டிலும் மாற்றுவாள். நாத்தனாரின் தப்பில் ஒரு விசித்திரம் இருந்ததையும் அவள் கவனித்திருந்தாள். நடுத்தட்டுகளில் தப்பு ஒன்றோ மூன்றோதான். மேலே போகப் போக, கீழே போகப் போக, முப்பது, முப்பத்தைந்து என்று எகிறும். 'நடுவுல ஓரளவு எண்ண வருது. கழுத்தை நிமிர்த்தவும் சோம்பல், குனியவும் சோம்பல்' என்று அதற்கு ஒரு விளக்கமும் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

வாயைத் திறந்து சொல்லத்தான் மனம் வரவில்லை. சொன்னால் இவள் முதலில் பேசியதாகிவிடும். அதைவிட ஆயிரம் லேபிள் ஒட்டிவிடலாம். ஆனால் சரிபண்ணியது மறுநாளோ அதற்கடுத்த நாளோ மறுபடி மாறியிருக்கும். 'வேணும்னே பண்றாங்க' என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொன்று ஒட்டுவாள்.

"ஏம்மா, லேபிள் டேப்பைச் சாப்பிடறீங்களா என்ன?" என்று மேனேஜர் ஒரு தடவை கேட்டார். "வருஷத்துக்கு வாங்கினது மூணு மாசத்துல தீர்ந்து போச்சு."

"மத்தியானத்துல கேளுங்க சார்" என்றாள் இவள். மத்தியானத்தில் கேட்டதற்கு, "காலையில கேளுங்க சார்" என்று பதில் வந்ததாம்.

இப்படி இருக்கையில்தான் அந்தச் செய்தி வந்தது. ஹாலில் பாதி இடத்தை வாடகைக்கு எடுத்திருக்கிற இன்சூரன்ஸ் கம்பெனி, வெள்ளிக்கிழமை ஒரு தணிக்கைக்காரரை அனுப்புகிறது. அவர் கைபோன போக்கில் பத்துக் கேபிளைத் தொட்டுக் காட்டுவார். லேபிளைப் படித்து, மறுமுனை இருக்கிற தட்டில் போய்க் கைவைக்க வேண்டும். இரண்டு தப்பு வரை மன்னிப்பு. மூன்றாவது தப்பு வந்தால் கேபிள் வேலை முழுக்க வெளி ஒப்பந்தக்காரரிடம் போய்விடும். பெண்கள் இருவரையும் பழைய சாமான் குடோனுக்கு மாற்றிவிடுவார்கள்.

சீப்புக்காரிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. குடோன் வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் ஒப்பந்தக்காரர்களின் கைவேலையை அவள் பக்கத்துக் கட்டடத்தில் பார்த்திருக்கிறாள். ஒருத்தன் கேபிளின்மேல் சாப்பாட்டு டப்பாவைத் தொங்கவிட்டிருந்தான். தன் ஹாலில் அப்படி ஒரு டப்பா தொங்குவதை நினைத்ததும் எழுந்து போய் எட்டாவது ரேக்கைச் சீவ ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"என்னங்க," என்றாள் சீப்புக்காரி, தட்டைப் பார்த்துக்கொண்டே. "வெள்ளிக்கிழமை வரைக்கும் எட்டாவது ரேக்கை யாரும் தொட வேண்டாம்னு சொல்லுங்க."

மெக்கானிக் பக்கத்து நாற்காலிக்குத் திரும்பினான். "அக்கா, எட்டாவது ரேக்கை..."

"காதுல விழுந்துச்சுடா. நான் தொடாம அது எப்படிச் சரியாகும்னு கேளு."

"அக்கா கேக்குது..."

"எனக்கும் காது இருக்குங்க. நான் காலையில சரி பண்ணினதை மத்தியானம் கெடுக்காம இருந்தாப் போதும்னு சொல்லுங்க."

"யாருடா கெடுக்கிறது? கெட்டதை நான் தினம் உக்காந்து சரி பண்றேன். கண்ணு தெரியலைன்னா டாக்டர்கிட்ட போகச் சொல்லு."

மெக்கானிக் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தான். "ரெண்டு பேருக்கும் நல்லாத்தான் கேக்குது. அப்புறம் நடுவுல நான் எதுக்கு?"

இருவரும் ஒரே நேரத்தில் அவனைப் பார்த்தார்கள். "நீங்க இல்லாம நாங்க எப்படிப் பேசிக்கிறது?" என்றாள் மனைவி. அதில் மட்டும் அக்காவுக்கும் கருத்து வேறுபாடு இல்லை, தலையை ஆட்டினாள்.

திங்கள் முதல் வியாழன் வரை அந்த ஹாலில் நடந்த உழைப்பு சாமானியமானதல்ல. சீப்புக்காரி காலை ஐந்தரைக்கே வந்தாள். டீ குடிக்கக்கூட வெளியே போகவில்லை. குனிந்தும் நிமிர்ந்தும் இடுப்பு விட்டுப்போனது. எட்டு மணி நேரத்தில் நூற்றைம்பது லேபிளைத் திருத்தினாள். இரண்டு மணிக்கு வந்த நாத்தனார் ஸ்டூலை இழுத்துப்போட்டு, தன் எட்டு மணி நேரத்தில் நூற்றறுபதைத் திருத்தினாள். மறுநாள் காலை சீப்புக்காரி வந்து பார்த்துவிட்டு ரேக்கின்மேல் நெற்றியை முட்டிக்கொண்டாள். இருவரும் சோம்பேறிகளாக இருந்திருந்தால் ஹால் பிழைத்திருக்கும்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் தணிக்கைக்காரர் வந்தார். ஒல்லியான மனிதர். வேறெங்கோ இப்படி ஒரு ஹாலுக்குப் போய்விட்டு வந்து பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவராம். அதனால் இரண்டு ஸ்வெட்டர், ஒரு மஃப்ளர், காதை மூடுகிற குல்லா. கேபிள் இருப்பதெல்லாம் பின்பக்கத்தில் என்பதைக் காய்ச்சல் பயத்தில் மறந்துவிட்டார் போலிருக்கிறது. கோடையில் நின்ற இரண்டாம் நிமிடமே அவர் நெற்றியில் வேர்வை அரும்பியது. கழற்றினால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தாரோ என்னவோ, அப்படியே நின்றார். மேனேஜர் சொன்னபடி இரண்டு பெண்களும் வந்திருந்தார்கள். நடுவில் மெக்கானிக்.

"ஆளுக்கு ஒண்ணாச் சொல்லுங்க," என்று சொல்லி முதல் கேபிளைத் தொட்டார் தணிக்கைக்காரர்.

சீப்புக்காரி லேபிளைப் படித்தாள், போனாள், கைவைத்தாள். கீச்சுப் பெட்டி அவள் கைக்கு நேரே கத்தியது. சரி. இரண்டாவது நாத்தனார். அதுவும் சரி. மேனேஜர் மூச்சு விட்டார்.

மூன்றாவது லேபிளில் மூன்று–ஐந்து என்று இருந்தது. சீப்புக்காரி மூன்றாவது ரேக்குக்குப் பின்னால் மண்டியிட்டு, தரையோரமாக ஐந்தாவது தட்டில் கைவைத்தாள். சத்தமே இல்லை. தணிக்கைக்காரர் கருவியை மெல்ல மேலே கொண்டுபோனார். அவள் தலைக்கு மேலே, எட்டிப் பிடிக்கிற உயரத்தில் கீச்சென்றது.

"ஒண்ணு," என்று பென்சிலால் குறித்துக்கொண்டார்.

'பார்த்தீங்களா, இது உங்க கைவேலை' என்று சீப்புக்காரி கணவனை முறைத்தாள். அவன் அந்த முறைப்பை அப்படியே அக்காவிடம் சேர்க்க வேண்டுமா என்று புரியாமல் விழித்தான்.

நான்காவது, பத்து–முப்பத்தெட்டு. சீப்புக்காரி இன்னும் கணவனையே முறைத்துக்கொண்டிருக்க, நாத்தனார் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, குனிந்து அடியோரத் தட்டில் கைவைத்தாள். பெட்டி உச்சியில் கத்தியது.

"ரெண்டு."

மேனேஜரின் முகம் அந்த உப்பு டீயைக் குடித்த நாளில் இருந்தது போல ஆனது. ஐந்தாவது கேபிளைத் தொட்ட தணிக்கைக்காரர், "இதுக்கு ரெண்டு பேருமே போங்க" என்றார். இரக்கப்பட்டுச் சொன்னாரா, பொறி வைத்தாரா என்று தெரியவில்லை.

லேபிள் ஏழு–பதினெட்டு. இருவரும் ஏழாவது ரேக்குக்குப் பின்னால் பக்கத்தில் பக்கத்தில் போய் நின்றார்கள். ஒரே ரேக்கில் அப்படிச் சேர்ந்து நின்று ஏழு மாதமாகியிருந்தது. சீப்புக்காரி குனிந்து அடித்தட்டிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... பதினெட்டு என்று கைவைத்துவிட்டு நிமிர்ந்தால், அவள் கைக்கு ஐந்து தட்டு மேலே நாத்தனாரின் விரல் நின்றது. அது உச்சியிலிருந்து இறங்கி வந்த விரல். நாத்தனாரின் உதடு "பதினெட்டு" என்று முடித்ததை அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

ஏழு மாதத்தில் நாத்தனார் எண்ணுவதை அவள் பார்த்ததே இல்லை. எண்ணி முடித்ததைத்தான் பார்த்திருக்கிறாள்.

"அண்ணி! மேலேருந்தா எண்ணுறீங்க?"

பேசிவிட்டாள். மெக்கானிக் வாயைப் பிளந்தான்.

"பின்னே? கீழேருந்தா எண்ணுவாங்க?" என்றாள் நாத்தனார், பேசாமலிருக்க வேண்டும் என்பதே மறந்துபோய்.

"கட்டடத்துல மாடியை எப்படி எண்ணுவீங்க? மொட்டை மாடியிலேருந்தா?"

"ஒரு பக்கத்துல வரியை எப்படி எண்ணுவே? கடைசி வரியிலேருந்தா? இருபது வருஷம் ஃபைல் அடுக்கியிருக்கேன்மா. மேல் தட்டுதான் முதல் தட்டு."

"நாங்க இங்கே கீழேருந்துதான்!"

"அதை யாரு எங்கிட்ட சொன்னா?"

சீப்புக்காரி சொல்லிக்கொடுத்த அந்த முதல் மாதத்தை மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள். யாரும் சொல்லவில்லைதான்.

தணிக்கைக்காரர் இதற்குள் அந்த லேபிளை விரலால் நெருடிக்கொண்டிருந்தார். அது லேபிள் மாதிரி இல்லை, சுளுக்குக்குக் கட்டுப்போட்ட சுண்டுவிரல் மாதிரி தடித்திருந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி உரித்தார். ஏழு–பதினெட்டுக்கு அடியில் ஏழு–இருபத்துமூன்று. அதை உரித்தால் ஏழு–பதினெட்டு. அதற்கு அடியில் மறுபடி இருபத்துமூன்று. வேர்வை சொட்டச் சொட்ட உரித்துக்கொண்டே போனார். பதினான்கு லேபிள் அவருடைய ஸ்வெட்டர் கையில் வரிசையாக ஒட்டிக்கொண்டு நின்றன.

"என்னம்மா இது?"

மேனேஜர் முந்திக்கொண்டு ஏதோ பொய் சொல்லப் பார்த்தார். "சார், இது வந்து, ஒரு பாதுகாப்பு ஏற்பாடு..."

"இது எங்க வீட்டுச் சண்டை சார்," என்றாள் சீப்புக்காரி.

ஹால் இரைந்துகொண்டிருந்தது. அவள் அந்தப் பதினான்கு லேபிளையும் பார்த்துக்கொண்டே நின்றாள். பதினெட்டும் இருபத்துமூன்றும் நாற்பத்தொன்று. இவள் நம்பரையும் அவள் நம்பரையும் கூட்டினால் எந்தத் தட்டானாலும் நாற்பத்தொன்றுதான் வந்திருக்கிறது. நடுவில் சின்னத் தப்பு, ஓரத்தில் பெரிய தப்பு. அவளுக்குக் காது சூடாகியது. சோம்பல் என்று நினைத்தாளே. அந்த அம்மாள் ஒரு தட்டுகூடத் தப்பாக எண்ணியதில்லை. உடனே இன்னொரு அலமாரி ஞாபகத்துக்கு வந்தது. ஐந்து தட்டு. மேலிருந்து இரண்டு. கீழிருந்து இரண்டு.

"அண்ணி," என்றாள், நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு. "சர்க்கரை!"

"ஐயோ," என்று மேனேஜர் பதறினார். "சர்க்கரை இறங்கிடுச்சா? டேய், டீ கொண்டாங்கடா!" பிறகு என்ன நினைத்தாரோ, "கடையிலேருந்து வாங்கிட்டு வாங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

நாத்தனாருக்கு ஒரு நிமிடம் பிடித்தது. விரலை மடக்கிப் பார்த்தாள். "உப்பு..." என்றாள். "அடிப்பாவி. நீ கீழேருந்து எண்ணினியா? நான் வேணும்னு பண்ணினேன்னு நினைச்சியா?"

"நீங்க நான் வேணும்னு பண்ணினேன்னு நினைக்கலையா?"

"நினைச்சேன்," என்றாள் நாத்தனார் நேர்மையாக. "தினமும் நினைச்சேன்."

தணிக்கைக்காரர் குல்லாவைக் கழற்றினார். "உங்க குடும்ப விஷயம் எனக்கு வேண்டாம். லேபிள் ஒண்ணு, பதில் ரெண்டு. மூணாவது தப்பு. விதிப்படி முடிஞ்சு போச்சு."

சீப்புக்காரி அவர் முன்னால் போய் நின்றாள். "சார், ஒரு கேபிள்கூட இடம் மாறலை. எல்லாம் இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு. எண்ணுறதுதான் ரெண்டு மாதிரி. மிச்சம் அஞ்சு இருக்கு. கேளுங்க. நாங்க ரெண்டு பேரும் கை வைக்கிறோம். ரெண்டு கையில ஒரு கைக்கு நேரே கத்தலைன்னா நானே எழுதிக் கொடுத்துட்டுப் போறேன்."

அவர் கேட்டார். ஐந்து தடவையும் ஒருத்தி கீழிருந்தும் ஒருத்தி மேலிருந்தும் எண்ணி இரண்டு கைகள் வைத்தார்கள். ஐந்து தடவையும் ஏதோ ஒரு கைக்கு நேரே பெட்டி கத்தியது. கடைசியில் தணிக்கைக்காரர் ஒரு ஸ்வெட்டரையும் கழற்றிவிட்டார். ஸ்வெட்டரில் ஒட்டியிருந்த லேபிள்களை இன்னொரு முறை எண்ணினார்.

"பதினாலு வருஷமா இந்த வேலை பார்க்கிறேன். போட்ட கேபிளை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கிறதில்லை. ஒரே கேபிளைப் பதினாலு தடவை சரிபார்த்த ஹாலை இப்பத்தான் பார்க்கிறேன்." பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டார். "லேபிளை மாத்த ஒரு மாசம் தர்றேன். ஆனா பன்னிரண்டு ரேக்குலயும் தட்டு நம்பர் இன்னைக்கே ஒட்டணும். நாலு மணிக்கு வருவேன். எல்லாம் ஒரே திசையில இருக்கணும். ஒரு ரேக்குல ஒரு நம்பர் ரெண்டு தடவை வந்தாலும், ஒப்பந்தக்காரர்தான்."

அவர் சாப்பிடப் போனார். மெக்கானிக் ஓடிப்போய் ஒன்று முதல் நாற்பது வரை பன்னிரண்டு கட்டு நம்பர் அச்சடித்து, இன்னும் கொஞ்சம் உபரியும் சேர்த்து ஒரு ட்ரேயில் கொண்டுவந்தான்.

"எனக்குத் தரையில உக்காந்து எழுந்திருக்க முடியாது. நீ கீழ்ப் பாதியைப் பாரு, நான் மேல் பாதியைப் பாக்கிறேன்," என்று நாத்தனார் ஒரு கட்டை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். சீப்புக்காரி இன்னொரு கட்டோடு முதல் ரேக்கின் அடியில் தரையில் உட்கார்ந்தாள்.

முதல் நம்பரைக் கையில் எடுத்தவளுக்கு ஒட்ட மனம் வரவில்லை. ஒன்பது வருஷமாக அந்தத் தட்டு ஒன்று. அதில் சந்தேகமில்லை. ஆனால் சொல்லிக்கொடுத்தவள் இவள். எல்லாவற்றையும் சொன்னவள் முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டாள். அந்த அம்மாள் இருபது வருஷம் இருந்த இடம் போய், அண்டின இடத்தில் ஏழு மாதம் ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் இருந்திருக்கிறாள். போகட்டும், மேல் தட்டே முதல் தட்டாக இருக்கட்டும். தன் லேபிள்களையெல்லாம் மாற்ற ஒரு மாதம் இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம். இதைச் சொல்லிக்காட்டவும் வேண்டாம். கட்டின் கடைசியிலிருந்து நாற்பதை உரித்து அடித்தட்டில் ஒட்டினாள். அடுத்ததில் முப்பத்தொன்பது. கண் கலங்கியதால் முப்பத்தெட்டு கொஞ்சம் கோணலாகப் போய், உரித்து நேராக ஒட்டினாள்.

தலைக்கு மேலே நாத்தனார் ஒட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இருவரும் தலையைத் தூக்கவில்லை. இவள் ஒட்டிக்கொண்டே எழுந்தாள், அவள் ஒட்டிக்கொண்டே ஸ்டூலிலிருந்து இறங்கினாள். நடுவில் தோளும் தோளும் இடித்தன. சீப்புக்காரி தன் கடைசி நம்பரை ஒட்டிவிட்டு, மேல் தட்டைப் பார்த்தாள்.

அவள் ஒட்டியது இருபத்தொன்று. அதற்கு மேலே நாத்தனார் ஒட்டியிருந்ததும் இருபத்தொன்று.

மெதுவாகக் கண்ணை மேலே ஓட்டினாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று என்று ஏறிப்போய் உச்சியில் நாற்பது. நாத்தனாரின் பார்வை கீழே இறங்கிப்போய் அடியில் ஒரு நாற்பதைக் கண்டது. ரேக்கின் தலையிலும் காலிலும் நாற்பது, ஒன்று எங்குமே இல்லை.

வாசலில் நின்ற மெக்கானிக், "போச்சு, எல்லாம் போச்சு" என்று தலையில் கைவைத்துக்கொண்டான்.

முதலில் சிரித்தது நாத்தனார்தான். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சீப்புக்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கு ஒழுகியது.

"ஏன் அண்ணி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ சொன்னியா?"

"சொல்லலை." அவள் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மணி ஒன்றரை ஆகியிருந்தது. "சரி, இப்பக் கேக்கிறேன். எங்கேருந்து எண்ணலாம், நீங்களே சொல்லுங்க."

"கீழேருந்து," என்றாள் நாத்தனார்.

"ஏன்? உங்களுக்கு மேலேருந்துதானே பழக்கம்?"

"பழக்கம் என்ன பழக்கம், மாத்திக்கலாம். இது நீ ஒன்பது வருஷமாக் காப்பாத்தின ஹாலும்மா. வேற ஒருத்தன் வந்து இதுல கைவைக்கக் கூடாதுன்னுதான் நானும் தினம் அத்தனை லேபிள் ஒட்டினேன்."

சீப்புக்காரி தரையில் உட்கார்ந்து தான் ஒட்டிய இருபது நம்பரையும் உரித்தாள். பிறகு புதுக் கட்டைப் பிரித்து, "ஒண்ணு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே அடித்தட்டில் ஒட்டினாள். "நாப்பது" என்று, தான் ஏற்கெனவே ஒட்டியதைத் தொட்டு மேலேயிருந்து நாத்தனார் கத்தினாள். "ரெண்டு." "முப்பத்தொம்பது." பன்னிரண்டு ரேக்குக்கும் அப்படியே கத்திக்கொண்டு ஒட்டினார்கள். நாலு மணிக்குத் தணிக்கைக்காரர் வந்தபோது இருவருக்கும் தொண்டை கட்டிப்போயிருந்தது. அவர் ஸ்வெட்டர் இல்லாமல் வந்து, ஒவ்வொரு ரேக்கையும் கீழிருந்து தன் விரலாலேயே எண்ணிப் பார்த்தார். எந்த நம்பரும் இரண்டு தடவை வரவில்லை.